அந்த வயதுக் காதலை எழுதுவது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் நாவல் எழுதுகிறவர்களின் கடிதங்கள்தான் அதிகம். அதிலும் பெரும்பாலானவர்கள் ஒரே இடத்தில் சிக்கிக்கொண்டு நிற்கிறார்கள்: கதாநாயகனுக்கோ நாயகிக்கோ பதினைந்து, பதினாறு வயது, முதல் காதல் வந்துவிட்டது, அதற்கு மேல் பேனா நகரவில்லை. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பத்திரிகை அலுவலகத்தில் உட்கார்ந்து மற்றவர்களின் கையெழுத்துப் பிரதிகளைச் சிவப்புப் பென்சிலோடு படிப்பதே என் பிழைப்பு என்பதால், பதில்களில் கொஞ்சம் கடுகடுப்பு தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு பையன் வளர்ந்து ஆளாகும் கதையை எழுதுகிறேன். பதினைந்து வயதில் அவனுக்கு வரும் காதல்தான் நாவலின் நடுப்பகுதி. படித்துப் பார்த்தவர்கள் எல்லோரும் "பையன் நன்றாக வந்திருக்கிறான், அந்தப் பெண்தான் பொம்மை மாதிரி இருக்கிறாள்" என்கிறார்கள். அவளை இன்னும் விரிவாக வர்ணிக்க வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். நீங்கள் இணைத்திருந்த பக்கங்களில் அவள் கண்களுக்கே ஒரு பத்தி போய்விட்டது. இன்னும் வர்ணித்தால் இன்னும் பெரிய பொம்மைதான் கிடைக்கும்.

அந்த வயதுக் காதலில் எதிரில் இருப்பவர் பாதி ஆள்தான். மீதியை நாமே இட்டு நிரப்பிக்கொள்கிறோம். உங்கள் பையன் அப்படிச் செய்வதில் தப்பே இல்லை, அவன் வயது அப்படி. சிக்கல் என்னவென்றால், அவனுக்குத் தெரியாதது எதுவும் உங்களுக்கும் தெரியவில்லை.

துர்கனேவ் 1860இல் எழுதிய 'முதல் காதல்' சின்னக் கதைதான், ஒரே மாலையில் படித்துவிடலாம். பதினாறு வயது விளாதிமிர், பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த இருபத்தொரு வயது ஜினைதா மேல் பித்தாகிறான். முதல் தடவை வேலிக்கு அந்தப் பக்கம் அவளைப் பார்க்கும்போது, தன்னைச் சுற்றி நிற்கும் இளைஞர்களின் நெற்றியில் சின்னச் சின்னச் சாம்பல் நிறப் பூக்களால் ஒவ்வொருவராகத் தட்டிக்கொண்டிருக்கிறாள். அவ்வளவுதான், பையன் விழுந்துவிட்டான். பிறகு அவள் யாரையோ காதலிக்கிறாள் என்று தெரியவருகிறது. யார் என்று தவியாய்த் தவிக்கிறான். நமக்கு அவனுக்கு வெகு முன்பே தெரிந்துவிடுகிறது: அது அவனுடைய அப்பா. தடயங்கள் எல்லாவற்றையும் அவனேதான் நமக்குச் சொல்கிறான். கூட்டிப் பார்க்க மட்டும் அவனால் முடியவில்லை. ஜினைதா உயிரோடு நடமாடுவதற்குக் காரணம் அவள் அழகு இல்லை. அவளுக்கென்று ஒரு தவிப்பு இருக்கிறது, அதற்கும் இந்தப் பையனுக்கும் சம்பந்தமே கிடையாது.

உங்கள் கதைக்கே வருகிறேன். மூன்றாவது அத்தியாயத்தில் அவள் இவனுடைய காம்பஸை இரவல் வாங்குகிறாள். இரண்டு நாள் கழித்து வெட்கப்பட்டுச் சிரித்தபடி திருப்பித் தருகிறாள். அந்தச் சிரிப்பைத் தூக்கிவிடுங்கள். அவள் திருப்பித் தரும்போது காம்பஸில் இவன் செருகியிருந்த புதுப் பென்சில் இல்லை. வேறொரு துண்டுப் பென்சில் இருக்கிறது. கட்டைவிரல் நீளம்தான், அடிப்பக்கம் முழுக்கப் பல் தடம். பையன் அதைத் தனக்குத் தந்த பரிசாக எடுத்துக்கொண்டு பெட்டிக்குள் ஒளித்துவைக்கிறான். படிக்கிறவருக்கு வேறு ஏதோ புரிகிறது: அவள் பென்சிலைத் தொலைத்திருக்கிறாள், புதிது வாங்கக் கையில் காசில்லை, இருந்ததைச் செருகிக் கொடுத்திருக்கிறாள். பென்சிலை இப்படிக் கடிக்கிற பெண்ணுக்கு வீட்டில் ஏதோ கவலை இருக்கிறது. அது என்ன கவலை என்று நீங்கள் ஒரு தனித்தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாவலில் அது ஒரு வரிகூட வராமல் போகலாம். ஆனால் அந்தத் தாள் உங்கள் மேசையில் இருந்தால், அடுத்த தடவை அவள் வாயைத் திறக்கும்போது பேச்சு வேறு மாதிரி வரும்.

கேள்வி: அந்தப் பருவத்திலேயே நின்றுகொண்டு "நான்" என்று சொல்வதா, பெரியவனான பிறகு திரும்பிப் பார்த்துச் சொல்வதா? எது சிறந்தது?

இரண்டிலும் நல்ல நாவல்கள் இருக்கின்றன. சொல்கிறவருக்கு இப்போது என்ன வயது என்பதை முதல் வரி எழுதும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். கதை பாதி போன பிறகு முடிவு செய்கிறவர்கள்தான் என்னிடம் மாட்டுகிறார்கள்.

துர்கனேவ் கதையில் இதற்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது. விருந்து முடிந்து விருந்தாளிகள் கலைந்த பிறகு, எஞ்சியிருக்கும் மூன்று பேர் அவரவர் முதல் காதலைச் சொல்வதென்று பேச்சு வருகிறது. ஒருவர், எனக்கு நேராக இரண்டாம் காதல்தான் வந்தது என்று நழுவுகிறார். வீட்டுக்காரரிடம் சொல்லும்படியாக எதுவும் இல்லை. நாற்பது வயது விளாதிமிர் மட்டும், எனக்கு வாயால் சொல்ல வராது, எழுதிக்கொண்டு வந்து படிக்கிறேன் என்கிறார். இரண்டு வாரம் கழித்து நோட்டோடு வருகிறார். இந்த ஒன்றரைப் பக்கத்தில் அந்தக் காதல் அவரை என்ன செய்தது என்று பாதி தெரிந்துவிடுகிறது.

திரும்பிப் பார்த்துச் சொல்வதில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. "அப்போது எனக்குத் தெரியவில்லை", "பின்னாளில்தான் உணர்ந்தேன்", "இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது". இந்த மூன்று வாக்கியங்களுக்காகவே என் பென்சில் சீக்கிரம் தேய்கிறது. பெரியவர் உள்ளே நுழைந்து பையனுக்கு ஆறுதல் சொன்னால் காட்சி செத்துவிடும்.

டிக்கன்ஸ் எப்படிச் செய்கிறார் பாருங்கள். 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலில் சிறுவன் பிப், எஸ்டெல்லாவோடு சீட்டு விளையாடுகிறான். சீட்டுக்கு அவன் சொல்கிற பெயரைக் கேட்டு அவள் ஏளனம் செய்கிறாள். அவனுடைய கைகள் எவ்வளவு முரடு, பூட்ஸ் எவ்வளவு தடிமன் என்கிறாள். அதுவரை அவன் தன் கையைப் பற்றி யோசித்ததே இல்லை. அவள் போன பிறகு தன் கையையும் பூட்ஸையும் தானே பார்த்துக்கொள்கிறான். கதையைச் சொல்வது வளர்ந்த பிப்தான். ஆனாலும் அந்த இடத்தில் வந்து, "அழாதே, அவள் வளர்க்கப்பட்ட விதம் அப்படி" என்று அவன் சொல்வதில்லை. பையனை வெட்கத்தோடு அப்படியே நிற்க விடுகிறார். இந்த இடத்தை நான் எத்தனை பேருக்குக் காட்டியிருப்பேனோ தெரியாது. முதல் காதல் என்றால் எல்லோரும் மகிழ்ச்சியிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். பெரும்பாலும் அது தன் கை, தன் குரல், தன் வீடு ஆகியவற்றைப் பற்றிய கூச்சமாகத்தான் முதலில் வந்து சேர்கிறது.

அந்தப் பருவத்திலேயே நின்று எழுதுவதாக இருந்தால் பிள்ளையை ஞானியாக்கிவிடாதீர்கள். "காதல் என்பது காத்திருத்தலின் இன்னொரு பெயர்" என்று பதினைந்து வயதில் யாரும் நினைக்கமாட்டார்கள். "இன்றைக்கு அவள் என்னைப் பார்க்கவில்லை. மூன்று தடவை பார்க்கவில்லை" என்று நினைப்பார்கள்.

கேள்வி: இந்தக் காலத்துப் பிள்ளைகள் போனிலேயே காதலித்து போனிலேயே பிரிந்துவிடுகிறார்கள். கடிதம் இல்லை, காத்திருப்பு இல்லை. இதை வைத்து என்ன நாவல் எழுதுவது?

காத்திருப்பு இல்லையென்று யார் சொன்னது? கடிதம் போட்டவருக்கு அது போய்ச் சேர்ந்ததா என்ற சந்தேகமாவது துணைக்கு இருந்தது. இவனுக்கு அதுவும் கிடையாது. செய்தி போய்ச் சேர்ந்தது தெரியும். அவள் படித்ததும் தெரியும், டிக் நீலமாகிவிட்டது. பதில் மட்டும் இல்லை. சமாதானம் சொல்லிக்கொள்ள ஒரு சந்து பொந்துகூட மிச்சமில்லை.

அந்தச் சின்னத் திரையை உற்றுப் பாருங்கள், வேண்டிய அளவு விஷயம் இருக்கிறது. அவள் பெயருக்குக் கீழே 'டைப்பிங்' என்று வருகிறது. நிற்கிறது. மறுபடி வருகிறது. அப்புறம் ஒன்றுமில்லை. ஐந்து நிமிடம் கழித்து "ம்" என்று ஒரே எழுத்து. அவ்வளவு நேரம் தட்டி அழித்தது என்ன? அந்த ராத்திரி முழுக்க அவனுக்கு அதுதான் பாடம். பதிலுக்கு இவன் "சரி" என்று அடிக்கிறான். கோபமாகத் தெரியுமோ என்று அழித்துவிட்டு "சரி சரி" என்று அடிக்கிறான், அது அசடு வழிகிறது. கடைசியில் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டு, அனுப்பியதற்காகத் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறான். காலையில் எழுந்தால், "இந்தச் செய்தி நீக்கப்பட்டது" என்று அவள் பக்கத்திலிருந்து ஒரு வரி. எத்தனை பக்கக் கடிதமும் இவ்வளவு கொடுமை செய்ததில்லை.

இன்னொன்று. அந்த வயதில் பல பேருக்குச் சொந்தப் போன் கிடையாது, அம்மாவுடையதுதான். பேசி முடித்ததும் எல்லாவற்றையும் அழித்தாக வேண்டும். பழைய நாவலில் பரணிலிருந்து கடிதக் கட்டு விழும். இவனிடம் இருபது வருடம் கழித்து ஒரு சான்றும் இருக்காது. அவள் என்ன சொன்னாள் என்பதற்கு அவன் ஞாபகம் மட்டும்தான் சாட்சி. நாவலாசிரியருக்கு இது நஷ்டமில்லை.

ஒரு எச்சரிக்கை: அரட்டையை அப்படியே பக்கம் பக்கமாக நகலெடுத்து வைக்காதீர்கள். வலது பக்கம் ஒரு வரி, இடது பக்கம் ஒரு வரி என்று பத்துப் பக்கம் வந்த ஒரு பிரதியைப் போன மாதம் படித்தேன். கண்தான் வலித்தது.

கேள்வி: பதினாறு வயதுப் பெண் வகுப்புத் தோழனைக் காதலிப்பதாக நாவல் எழுதியிருக்கிறேன். படித்த உறவினர்கள் முதலில் கேட்பது "யார் அந்தப் பையன்?" என்றுதான். உண்மைப் பெயர் எதையும் நான் வைக்கவில்லை. இதற்கு என்ன பதில் சொல்வது?

ஆண் எழுதினால் கற்பனை, பெண் எழுதினால் வாக்குமூலம் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. எழுந்து போய்விடுங்கள், அதுதான் பதில்.

விதியைக் காட்டித்தான் ஆக வேண்டுமென்றால் தொல்காப்பியத்தைக் காட்டுங்கள். "சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்" என்கிறது அகத்திணையியல். அகப்பாட்டில் காதலிக்கிறவர் இன்னார் என்று பெயர் சுட்டக் கூடாது. தலைவன், தலைவி, தோழி, அவ்வளவுதான். "யாயும் ஞாயும் யாரா கியரோ" என்ற குறுந்தொகைப் பாட்டில் அந்த இருவரும் யாரென்று நமக்குத் தெரியாது. எழுதியவரின் பெயர்கூடத் தெரியாமல், பாட்டில் வருகிற 'செம்புலப் பெயல்நீர்' என்ற தொடரை வைத்துச் செம்புலப்பெயனீரார் என்று கூப்பிடுகிறோம். பாட்டுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

ஆனால் நாவலில் பெயர் வைக்காமல் தப்பிக்க முடியாது, அதனால் உங்களுக்கு ஒரு வேலை கூடுதல். உண்மையில் ஒருவர் இருந்திருந்தால் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. ஊர், வீட்டார், நடை, தழும்பு என்று அடையாளம் காட்டும் எல்லாவற்றையும் மாற்றுங்கள். அவர் இப்போது யாரோ ஒருவரின் கணவர், யாரோ ஒருவரின் அப்பா. உங்கள் நாவலில் நடிக்க அவர் சம்மதிக்கவில்லை. மாற்ற மாற்ற அந்தப் பாத்திரம் நன்றாகவே வரும் என்பது கூடுதல் லாபம்.

கேள்வி: முதல் காதல் நாவலில் எத்தனை பக்கம் இருக்கலாம்?

அவனுக்கு வீடு இருக்கிறது, நண்பன் இருக்கிறான், பரீட்சை இருக்கிறது, அப்பாவோடு பேச்சுவார்த்தை இல்லை. இவர்கள் எல்லோரும் வாசலில் நிற்கும் அளவுக்குக் காதல் இடத்தை அடைத்துக்கொண்டால் நீங்கள் எழுதுவது வேறு வகை நாவல்.

கேள்வி: என் பதினான்கு வயது மகள் இந்த மாதிரிக் காதல் நாவல்களையே படித்துக்கொண்டிருக்கிறாள். கெட்டுப்போவாளோ என்று பயமாக இருக்கிறது. நிறுத்திவிடலாமா?

இந்தப் பயம் புதிதில்லை. கதே 1774இல் எழுதிய நாவலில் வெர்தர் என்ற இளைஞன் கிடைக்காத காதலுக்காக உயிரை விடுகிறான். ஐரோப்பா முழுக்க இளைஞர்கள் அவனைப் போல நீலக் கோட்டும் மஞ்சள் உள்சட்டையும் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். அவன் முடிவையும் பின்பற்றிவிடுவார்களோ என்று பெரியவர்கள் நடுங்கினார்கள். லைப்சிக் நகரத்தில் 1775இல் புத்தகத்தைத் தடை செய்தார்கள், அந்த உடையையும் சேர்த்தே. புத்தகம் நின்றதா? இன்றுவரை அச்சில் இருக்கிறது.

நீங்கள் நிறுத்தினால் அவள் போர்வைக்குள் படிப்பாள். அதைவிட அவள் முடித்து வைத்த புத்தகத்தை நீங்கள் எடுத்துப் படியுங்கள். படித்துவிட்டுப் பாடம் நடத்தாதீர்கள். "அந்தப் பையன் அவ்வளவு பெரிய பொய் சொன்ன பிறகும் அவள் ஏன் பேசினாள்?" என்று கதையைப் பற்றிக் கேளுங்கள். தன்னைப் பற்றிக் கேட்டால் வாய் திறக்காத பிள்ளைகள், கதையில் வருகிறவளைப் பற்றிக் கேட்டால் அரைமணி நேரம் பேசும். அவள் சொல்கிற தீர்ப்பு உங்களுடையதைவிடக் கறாராக இருந்தாலும் ஆச்சரியமில்லை.

அவளுடைய தூக்கம், சாப்பாடு, நண்பர்களோடு இருக்கும் விதம் எல்லாம் திடீரென்று மாறியிருந்தால் அது தனி விஷயம். அப்போது புத்தக அலமாரியை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்காருங்கள், தேவைப்பட்டால் ஓர் ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள்.

கேள்வி: முதல் காதல் தோற்றே ஆக வேண்டுமா? சேர்த்து வைத்தால் இலக்கியம் ஆகாதா?

டிக்கன்ஸுக்கே இந்தக் குழப்பம் இருந்தது. முதலில் அவர் எழுதிய முடிவில் பிப்பும் எஸ்டெல்லாவும் பல வருடம் கழித்துத் தெருவில் சற்று நேரம் சந்தித்துப் பிரிந்துவிடுகிறார்கள். நண்பர் புல்வர் லிட்டன் அதைப் படித்துவிட்டு, இப்படி முடிக்காதீர்கள் என்றார். டிக்கன்ஸ் மாற்றினார். 1861இல் வாசகர்கள் படித்தது இருவரும் கைகோத்து நடக்கிற முடிவைத்தான். பழைய முடிவை டிக்கன்ஸ் இறந்த பிறகு ஃபார்ஸ்டர் தான் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் வெளியிட்டார். எது சரி என்று அன்றைக்கு ஆரம்பித்த சண்டை இன்னும் ஓயவில்லை. நான் பழைய முடிவின் கட்சி.

ஆனால் தோல்வியா வெற்றியா என்பதைவிட, காதல் எந்த இடத்தில் முடிகிறது என்பதைப் பாருங்கள். வருகிற பிரதிகளில் பாதிக்கு மேல் அவள் கல்யாணத்தோடு முடிகின்றன, இவன் கடைசி வரிசையில் நின்று பார்த்துவிட்டு வெளியேறுகிறான். அது காதல் முடிந்த இடம். பையன் ஆளான இடம் அதற்குப் பிறகு எங்கோ இருக்கிறது, அதை எழுதாமலே விட்டுவிடுகிறார்கள். கதேயின் 'வில்ஹெல்ம் மைஸ்டர்' (1795–96) இந்த வகை நாவல்களுக்கெல்லாம் மூத்தது. அதில் வில்ஹெல்மின் முதல் காதலி மரியானே ஒரு நாடக நடிகை. அவள் துரோகம் செய்துவிட்டாள் என்று நம்பி ஆரம்பத்திலேயே விலகிவிடுகிறான். நாவல் பாட்டுக்குப் போகிறது. நாடகக் குழு, புது மனிதர்கள், வேறு பெண்கள். வெகு தூரம் போன பிறகுதான் அவள் இறந்துவிட்டது தெரிகிறது. தன்னோடு திரிகிற சிறுவன் ஃபெலிக்ஸ் அவளுக்கும் தனக்கும் பிறந்தவன் என்பதும் தெரிகிறது. முதல் காதல் முடிந்த கணக்கு என்று நினைத்தவன் கையில் ஒரு பிள்ளை. சேர்வதும் பிரிவதும் இதற்கு முன்னால் சின்ன விஷயம்.

கேள்வி: எனக்கு அறுபத்து மூன்று வயது. போன வருடம் நடந்தது மறந்துபோகிறது. பதினாறு வயதில் அவர் போட்டிருந்த சட்டையின் பட்டன் வரை ஞாபகம் இருக்கிறது. இந்த வயதில் அதை நாவலாக எழுதினால் சிரிப்பார்களா? இந்த ஞாபகத்தை நம்பலாமா?

உங்களுக்கு மட்டும் அப்படி இல்லை. நடு வயதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கையில் நினைவுக்கு வருவதைச் சொல்லச் சொன்னால், பத்திலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவைதான் அளவுக்கு மீறி வந்து விழுகின்றன என்பதை உளவியல் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். முதல் தடவையாக நடப்பவை அந்தக் காலத்தில்தான் அதிகம் என்பது ஒரு விளக்கம்.

பளிச்சென்று இருப்பதாலேயே அது அப்படியே நடந்தது என்று ஆகிவிடாது. ஒவ்வொரு தடவை நினைக்கும்போதும் கொஞ்சம் ஒட்டு வேலை நடக்கிறது. அந்தப் பட்டன் வேறொரு சட்டையிலிருந்து வந்திருக்கலாம். நீங்கள் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லவில்லையே, நாவல்தானே எழுதுகிறீர்கள்? பட்டனை வைத்துக்கொள்ளுங்கள். கூடவே, அந்த ஆறு மாதத்தில் உங்களைத் தவிர மற்றவர்களுக்கு என்ன நடந்துகொண்டிருந்தது என்று யோசியுங்கள். அம்மா எதற்குக் கவலைப்பட்டார், தங்கை ஏன் கோபித்துக்கொண்டிருந்தாள், அவருக்கு உங்களைத் தவிர வேறு என்ன நினைப்பு இருந்தது. அப்போது நீங்கள் கவனிக்காமல் விட்டதில் கொஞ்சமாவது இப்போது தேறும். அறுபத்து மூன்று வயதுக்கு அந்த வசதி இருக்கிறது, பதினாறுக்குக் கிடையாது.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். முதல் அத்தியாயத்தை அனுப்புங்கள். அதில் நிலா வந்தால் எடுத்துவிட்டு அனுப்புங்கள்.